காப்பாத்துன ஊருக்கே கண்ணீர்! மும்பைக்காரர் கையில் திண்டாடும் கூடைப்பந்து அணி... விடாமல் நம்பும் ரசிகர்கள்

சாக்ரமென்டோ: ஊரே ஒன்று திரண்டு காப்பாற்றிய அணி, அந்த ஊரையே வருஷா வருஷம் அழ வைத்தால் எப்படி இருக்கும்? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் கூடைப்பந்து ரசிகர்களின் பிழைப்பு அப்படித்தான் ஓடுகிறது.

அணியின் பெயர் சாக்ரமென்டோ கிங்ஸ். என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்க தொழில்முறை கூடைப்பந்து லீக்கின் 30 அணிகளில் ஒன்று.

நம்மாட்களும் இதைக் கவனிக்க ஒரு காரணம் உண்டு. முதலாளி விவேக் ரணதிவே மும்பையில் பிறந்தவர். அமெரிக்கா போய் டிப்கோ என்ற சாப்ட்வேர் கம்பெனியைத் தொடங்கி கோடி கோடியாகச் சம்பாதித்தவர். என்.பி.ஏ. அணி ஒன்றின் பெரும்பங்கு முதலாளியான முதல் இந்திய வம்சாவளிக்காரர் இவர்தான்.

2019 அக்டோபரில் இந்தியானா பேசர்ஸ் அணியோடு மும்பையில் 2 காட்சிப் போட்டி ஆடியதே, அதே டீம்தான். அந்த ரெண்டிலும் தோற்றது தனிக்கதை.

என்.பி.ஏ.வில் 30 அணிகளில் 16 அணி பிளே ஆப் சுற்றுக்குப் போகும். அதாவது பாதிக்கு மேல் பாஸ் போடும் பரீட்சை. அந்தப் பரீட்சையில் கிங்ஸ் 2006-க்குப் பிறகு தொடர்ந்து 16 சீசன் பெயில். என்.பி.ஏ. வரலாற்றிலேயே இவ்வளவு நீண்ட வறட்சியைப் பார்த்த அணி வேறு கிடையாது.

2006-ல் ஒண்ணாம் வகுப்பு படித்த பையன் காலேஜ் முடித்து வேலைக்கே போயிருப்பான். டீம் மட்டும் அங்கேயே நின்றது.

மாட்டு மணி சத்தம்

எப்போதுமே இப்படி இருந்த அணி அல்ல என்பதுதான் ரசிகர்களின் முதல் ஆத்திரம்.

கிறிஸ் வெப்பர், விளாடே டிவாச், மைக் பிபி, பேஜா ஸ்டோயகோவிச், டக் கிறிஸ்டி என்று 2001-02 சீசனில் கலக்கிய கூட்டம் அது. 82 ஆட்டங்களில் 61 வெற்றி. அந்த வருஷம் லீக்கிலேயே அதிகம் ஜெயித்த அணி.

அப்போது லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் கோச்சாக இருந்த பில் ஜாக்சன், சாக்ரமென்டோவை 'மாட்டு ஊர்' என்று நக்கல் அடித்தார். ரசிகர்கள் கோபித்துக் கொண்டு உட்காரவில்லை. அடுத்த மேட்சுக்கு ஆளுக்கொரு மாட்டு மணியோடு வந்து அரங்கமே அதிர ஆட்டினார்கள். அந்த மணிச் சத்தம் இன்றைக்கும் அந்த ஊரின் அடையாளம்.

ஆனால் 2002 அரையிறுதித் தொடரில் அதே லேக்கர்சிடம் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. 3-2 என்று முன்னிலையில் இருந்த கிங்ஸ், ஆறாவது ஆட்டத்தில் 4 புள்ளியில் தோற்றது. அந்த ஆட்டத்தின் கடைசி கால் பகுதியில் மட்டும் லேக்கர்சுக்குக் கிடைத்த ப்ரீ த்ரோ 27!

பிறகு சூதாட்ட வழக்கில் சிக்கிய ரெப்ரி டிம் டொனகி, 2002-ல் ஒரு பிளே ஆப் ஆட்டத்தை ரெப்ரிகள் வளைத்தார்கள் என்று 2008-ல் கோர்ட்டில் குற்றம்சாட்டினார். அவர் சொன்னது இந்த மேட்சைத்தான் என்று எல்லோரும் பேசினார்கள். என்.பி.ஏ. நிர்வாகம் அடியோடு மறுத்தது.

ரசிகர்களைக் கேட்டால் இன்றும் ரெப்ரியைத்தான் திட்டுவார்கள். ஆனால் சொந்த ஊரில் நடந்த ஏழாவது ஆட்டத்தில் தங்களுக்குக் கிடைத்த 30 ப்ரீ த்ரோவில் 14-ஐ கிங்ஸ் வீரர்களே தவறவிட்டார்கள். ஓவர்டைமில் தோல்வி. அதற்கு எந்த ரெப்ரியும் பொறுப்பில்லை.

இந்த அணி கடைசியாகக் கோப்பை ஜெயித்தது 1951-ல். அப்போது பெயர் ராச்செஸ்டர் ராயல்ஸ். ஊர் வேறு. 1985-ல் கன்சாஸ் சிட்டியில் இருந்து சாக்ரமென்டோ வந்த பிறகு ஒரு தடவைகூட இறுதிப் போட்டியில் ஆடியதில்லை.

டீமே போகப் பார்த்தது

அடுத்த அடி மைதானத்துக்கு வெளியே விழுந்தது. அப்போதைய முதலாளிகளான மலூப் குடும்பத்துக்குப் பண நெருக்கடி. 2011-ல் அணியை அனஹெய்ம் நகருக்குக் கொண்டு போகப் பார்த்தார்கள்.

அந்த ஏப்ரலில் சீசனின் கடைசி மேட்ச் முடிந்ததும் ரசிகர்கள் வீட்டுக்குப் போகவில்லை. இதுதான் நம்ம ஊரில் கடைசி மேட்ச் என்று நினைத்து, விளக்கை அணைக்கும் நேரம் வரை சீட்டிலேயே உட்கார்ந்து கோஷம் போட்டார்கள். டி.வி.யில் வர்ணனை செய்தவர்களே அழுது விட்டார்கள்.

அதில் தப்பியது. 2013 ஜனவரியில் அடுத்த இடி. சியாட்டில் கோஷ்டி ஒன்றுக்கு அணியை விற்க ஒப்பந்தமே போட்டாகி விட்டது.

சாக்ரமென்டோ மேயர் கெவின் ஜான்சன் சும்மா இருக்கவில்லை. அவரே முன்னாள் என்.பி.ஏ. வீரர், உள்ளூர்க்காரர் வேறு. பணக்காரர்களைத் தேடிப் பிடித்தார், புது ஸ்டேடியம் கட்டித் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தார். ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2013 மே மாதம் என்.பி.ஏ. முதலாளிகள் ஓட்டுப் போட்டு, 22-8 என்ற கணக்கில் இடமாற்றத்தைத் தள்ளுபடி செய்தார்கள்.

அப்படி வந்தவர்தான் ரணதிவே. அணியின் மதிப்பு அப்போது 53 கோடியே 40 லட்சம் டாலர்.

பில் யார் தலையில்?

புது அரங்கமான கோல்டன் ஒன் சென்டர் 2016-ல் திறக்கப்பட்டது. மொத்தச் செலவு 55 கோடி டாலருக்கு மேல். அதில் சுமார் 25 கோடியே 50 லட்சம் டாலர் நகராட்சியின் பங்கு. நகராட்சிக்கு ஏது அவ்வளவு பணம்? கடன் பத்திரம் விட்டார்கள். அதை அடைக்க நம்பியது முக்கியமாக ஊரின் பார்க்கிங் வசூலை.

ஆக, கூடைப்பந்து என்றால் என்ன விலை என்று கேட்கும் ஆள்கூட, டவுனுக்குள் வண்டியை நிறுத்தி மீட்டரில் காசு போடும்போது இந்த அரங்கத்துக்கும் சேர்த்துத்தான் போடுகிறார். டிக்கெட் வாங்குபவர் ரெண்டு முறை கொடுக்கிறார்.

தோல்வி மட்டும் என்றால் ரசிகன் பொறுத்துப் போவான். தான் காசு போட்டு, தெருவில் நின்று காப்பாற்றிய வீட்டில் தனக்கே மரியாதை இல்லை என்று தோன்றும்போதுதான் குமுறுகிறான்.

வேர் விட்டிருக்கா என்று பிடுங்கிப் பார்த்தால்...

செடியை நட்டு விட்டு, வேர் விட்டிருக்கா என்று தினம் பிடுங்கிப் பார்த்தால் அது எப்படி வளரும்? கிங்ஸ் நிர்வாகம் செய்தது கிட்டத்தட்ட இதைத்தான்.

2013-ல் மைக்கேல் மலோனை கோச்சாக வைத்தார்கள். 2014-15 சீசன் தொடக்கத்தில் 9 வெற்றி, 6 தோல்வி என்று டீம் நிமிர்ந்தது. அந்த நேரம் பார்த்து நட்சத்திர வீரர் டிமார்கஸ் கசின்ஸ் மூளைக்காய்ச்சலில் படுத்தார். அவர் இல்லாமல் 9 ஆட்டத்தில் 7 தோல்வி. உடனே கோச்சுக்குக் கல்தா! அந்த மலோன்தான் 2023-ல் டென்வர் நகெட்ஸ் அணிக்கு அதன் முதல் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

டேவ் ஜோகர் 2018-19-ல் 39 ஆட்டம் ஜெயித்துக் காட்டினார். 2006-க்குப் பிறகு அதுவரை அணியின் சிறந்த சீசன் அதுவே. சீசன் முடிந்த கையோடு அவருக்கும் சீட்டுக் கிழிந்தது.

தற்காலிகமாக வந்தவர்களையும் சேர்த்தால் ரணதிவே காலத்தில் 2024 கடைசி வரை 8 கோச்கள். இதே லீக்கில் சான் ஆன்டோனியோ அணியில் கிரெக் பாப்போவிச் 1996-ல் உட்கார்ந்தவர் 2025-ல்தான் எழுந்தார்.

டக்கென்று ஜெயிக்க வேண்டும் என்ற அவசரம் முதலாளிக்கு. சாப்ட்வேர் தொழிலில் அது எடுபட்டிருக்கலாம். ஒரு கோச்சின் ஆட்டமுறை வீரர்கள் உடம்பில் ஊறவே ரெண்டு சீசன் ஆகும். கிங்சில் அதற்குள் அடுத்த ஆள் வந்து, கற்றதை எல்லாம் மறக்கச் சொல்வார்.

பக்கத்து இலையில் விழுந்த பாயசம்

ஆள் தேர்வில் இன்னும் கொடுமை. காலேஜில் இருந்தும் வெளிநாட்டில் இருந்தும் இளம் வீரர்களை எடுக்க வருஷத்துக்கு ஒரு தடவை 'டிராப்ட்' நடக்கும். தோற்ற அணிகளுக்கு முன்வரிசையில் இடம். அதாவது தோற்றதற்கு ஆறுதல் பரிசு. அதையும் கிங்ஸ் கோட்டை விட்டது.

மலூப் காலத்திலேயே, 2012-ல் 5-வதாக தாமஸ் ராபின்சனை எடுத்தார்கள். 6-வதாகப் போனவர் டேமியன் லில்லர்ட். 2011-ல் 10-வது இடத்தில் ஜிம்மர் பிரடெட். 11-வது ஆள் கிளே தாம்சன், வாரியர்ஸ் அணியில் 4 கோப்பை வாங்கியவர்.

ரசிகர்களைத் தூங்க விடாத வருஷம் 2018. இரண்டாவது இடம் கிங்ஸ் கையில். ஐரோப்பாவையே கலக்கிய ஸ்லோவேனியா இளைஞன் லூக்கா டான்சிச் எடுத்துக்கோ என்று நிற்கிறார். அப்போது ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தவர் அதே பழைய ஹீரோ விளாடே டிவாச். அவரும் ஐரோப்பாக்காரர், செர்பியா. அறிவித்த பெயர் மார்வின் பேக்லி!

லூக்கா டல்லாஸ் போய் உலக நட்சத்திரம் ஆனார். பேக்லி நாலு வருஷம்கூட சாக்ரமென்டோவில் தங்கவில்லை.

அதிசயமாக 2020-ல் 12-வது இடத்தில் டைரிஸ் ஹாலிபர்டன் என்ற முத்து கிடைத்தது. சாக்ரமென்டோவில் இருக்கப் பிடித்திருக்கிறது என்று வாய் விட்டுச் சொன்ன பையன். 2022 பிப்ரவரியில் அவரை இந்தியானாவுக்குக் கொடுத்து விட்டு டொமான்டஸ் சபோனிசை வாங்கினார்கள். 2025-ல் ஹாலிபர்டன் தன் அணியை இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம் வரை இழுத்துச் சென்றார்.

இந்த ஒரு விஷயத்தில் நிர்வாகத்தை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. ஏனென்றால் சபோனிஸ் வந்த பிறகுதான் 16 வருஷ வறட்சியே முடிந்தது.

வானத்தில் ஊதா வெளிச்சம்

2022-23 சீசனை மறக்கவே முடியாது. கோச் மைக் பிரவுன். கூட டியாரன் ஃபாக்ஸ், சபோனிஸ், புதுப்பையன் கீகன் முர்ரே. 48 வெற்றி. மேற்குப் பிரிவில் மூன்றாமிடம். லீக்கின் சிறந்த கோச் விருது பிரவுனுக்கு ஏகமனதாகக் கிடைத்தது.

அந்த சீசனில்தான் அரங்கத்தின் உச்சியில் லேசர் விளக்குப் பொருத்தினார்கள். அணி ஜெயித்தால் ஊதா நிற ஒளிக்கற்றை வானத்தைத் தொடும். நைட் ஷிப்ட் போகிறவரும், கடை சாத்துகிறவரும் மேலே பார்த்தால் போதும், ரிசல்ட் தெரிந்து விடும். டிக்கெட் வாங்க வசதி இல்லாதவருக்கும் ஜெயிப்பில் பங்கு. 'ஏத்துடா லைட்டை' என்பதுதான் ஊர் முழுக்க கோஷம்.

பிளே ஆப் முதல் சுற்றில் சுமார் 140 கி.மீ. தள்ளி இருக்கும் பக்கத்து ஊர் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். ஏழாவது ஆட்டம் வரை மல்லுக்கட்டினார்கள். அதில் ஸ்டீபன் கர்ரி 50 புள்ளி குவித்து கதையை முடித்தார். தோற்றும் ரசிகர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். இனி நம்ம காலம் என்று நம்பினார்கள்.

அந்தக் காலம் ரெண்டு வருஷம்கூட நிற்கவில்லை.

2023-24-ல் 46 ஆட்டம் ஜெயித்தும் பிளே ஆப் வாசலிலேயே நின்று போனது. 2024 ஜூனில் பிரவுனுக்கு ஒப்பந்த நீட்டிப்பு கொடுத்தார்கள். ஆறே மாதம். 13 வெற்றி, 18 தோல்வி என்று டீம் தடுமாறியதும் டிசம்பர் 27-ந் தேதி அவரைத் தூக்கி எறிந்தார்கள். அந்த விதத்தைப் பார்த்து டென்வரில் இருந்த மலோன் பகிரங்கமாகவே பொரிந்து தள்ளினார். பட்டவருக்குத்தானே வலி தெரியும்!

அடுத்து 2025 பிப்ரவரியில் ஃபாக்சும் போனார். 2017-ல் இருந்து கஷ்டகாலம் முழுக்கக் கூடவே இருந்த ஆள், சான் ஆன்டோனியோவுக்கு இடம் மாறினார். பதிலுக்கு முக்கியமாக வந்தவர் ஜாக் லவீன். இதில் ஒரு கூத்தைக் கேளுங்கள். 2014 டிராப்டில் கிங்ஸ் 8-வதாக வேறொருவரை எடுத்து, இதே லவீனை விட்டு விட்டது. 13-வதாகப் போன அவரை, 10 வருஷம் கழித்து வருஷத்துக்கு 4 கோடி டாலருக்கு மேல் சம்பளத்தோடு கொண்டு வந்து சேர்த்திருக்கிறார்கள்.

அந்த சீசன் 40 வெற்றி, 42 தோல்வி. சொந்த ஊரில் டல்லாசிடம் அடி வாங்கி வெளியேறியது. அன்று இரவே பொது மேலாளர் மான்டே மெக்நேரும் விலகினார். 2025-26 சீசனும் தோல்விக் கணக்கோடுதான் ஓடியது. ஊதா விளக்குக்கு வேலை குறைந்து போனது.

தோற்றாலும் துட்டு

ஒரு நியாயமான கேள்வி வரும். சின்ன ஊர்தானே, பெரிய வீரர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ், மியாமி என்று போனால் பாவம் இவர்கள் என்ன செய்வார்கள்?

பாதி உண்மை. ஆனால் சான் ஆன்டோனியோவும் பெரிய சந்தை இல்லை, 5 கோப்பை வைத்திருக்கிறது. ஓக்லஹோமா சிட்டி அதையும் விடச் சின்னது, 2025 சாம்பியன். அவர்கள் இளசுகளை எடுத்து, தோல்வியைத் தாங்கி, காத்திருந்தார்கள்.

ஐரோப்பிய கால்பந்தில் கடைசி இடம் வந்தால் கீழ் டிவிஷனுக்குத் தள்ளி விடுவார்கள். முதலாளிக்கு வயிற்றில் புளி கரைக்கும். என்.பி.ஏ.வில் அந்தப் பயமே கிடையாது. 2025-26-ல் தொடங்கிய டி.வி. ஒப்பந்தம் 11 வருஷத்துக்கு சுமார் 7,600 கோடி டாலர். அதில் ஜெயித்தவனுக்கும் தோற்றவனுக்கும் சமபங்கு. அணிகளின் விலையோ ராக்கெட் வேகம். பாஸ்டன் அணி 2025-ல் 610 கோடி டாலர் மதிப்பில் கைமாறியது.

ஆக, டீம் தோற்றாலும் முதலாளியின் சொத்து ஏறும். ரசிகனுக்கு ஏறுவது பிளட் பிரஷர் மட்டும்தான்.

ரணதிவேயை வில்லன் ஆக்குவதும் சரியில்லை. அவர் வராவிட்டால் டீமே சியாட்டில் போயிருக்கும். அரங்கத்துக்குச் சொந்தப் பணமும் போட்டார். 2015-ல் சிம் புல்லரை ஆட வைத்து, என்.பி.ஏ.வில் முதல் இந்திய வம்சாவளி வீரர் என்ற பெருமைக்கும் வழி செய்தார். ரசிகர்கள் அவரிடம் கேட்பது காசு அல்ல, பொறுமை.

இன்னும் ஏன் நம்புகிறார்கள்?

இளசுகள் மேல்தான் கண். முர்ரே, வந்த முதல் சீசனிலேயே 206 மூன்று புள்ளி ஷாட் போட்டு புதுமுகங்களில் சாதனை படைத்தவர். 2025-ல் வந்த புது பொது மேலாளர் ஸ்காட் பெர்ரி, அந்த வருஷ டிராப்டில் 24-வதாக நீக் கிளிஃபர்டையும் 42-வதாக பிரான்சின் மாக்சிம் ரெய்னோவையும் கொண்டு வந்தார். பின்வரிசையில் கிடைத்தவர்கள்தான். ஆனால் இந்த அணிக்கு முன்வரிசையில் கிடைத்தவர்கள் என்ன கிழித்தார்கள் என்பதை ரசிகர்கள் மறக்கவில்லை.

பிரவுன் போன பிறகு கோச் ஆனவர் 2002 டீமின் டக் கிறிஸ்டி. தற்காலிகமாக வந்தவரை 2025-ல் நிரந்தரம் ஆக்கினார்கள். அந்த மாட்டு மணிச் சத்தத்தை மைதானத்தில் நின்று கேட்டவர்.

தோற்றுத் தோற்று லாட்டரியில் முதல் இடம் பிடிக்கலாமே என்பவர்களும் உண்டு. 2019-ல் வந்த விதிப்படி கடைசி மூன்று அணிக்கும் தலா 14 சதவீத வாய்ப்புதான். 2025-ல் வெறும் 1.8 சதவீதம் வைத்திருந்த டல்லாஸ் முதல் இடத்தைத் தட்டிச் சென்றது. ஆகவே அந்தக் கணக்கு அவ்வளவு சுலபம் இல்லை. அதிலும் லாட்டரி விழுந்த 2018-ல் நடந்ததை நினைத்தால் பகீர் என்கிறது.

2025-ல் பக்கத்தில் உள்ள வெஸ்ட் சாக்ரமென்டோவுக்கு அத்லெடிக்ஸ் என்ற பேஸ்பால் அணி குடிவந்தது. 2028-ல் லாஸ் வேகாஸ் போகும் திட்டத்தோடு வந்த வாடகைக் குடித்தனம். ஊர்ப் பெயரைக்கூட தன் பெயரோடு சேர்த்துக் கொள்ளவில்லை. அதைப் பார்க்கும்போது கிங்ஸ் மேல் உள்ள கோபம் கொஞ்சம் இறங்குகிறது. என்னதான் தோற்றாலும் நெஞ்சில் ஊர்ப் பெயரைப் போட்டுக் கொண்டுதான் தோற்கிறது அந்த டீம்.

அரங்கத்துக்காக நகராட்சியோடு போட்ட 35 வருஷ ஒப்பந்தம் இருக்கிறது. இனி அணியும் ஊரை விட்டு ஓட முடியாது, ஊரும் அணியை விடப் போவதில்லை. அடுத்த முறை 9 வெற்றி, 6 தோல்வி என்று டீம் நிமிர்ந்து, யாராவது ஒருவர் காய்ச்சலில் படுக்கும்போது முதலாளி என்ன செய்கிறார் என்பதைத்தான் ரசிகர்கள் பார்க்கக் காத்திருக்கிறார்கள்.